முளைக்காத பல்லுக்கு 16 வயதில் இம்பிளான்ட் போடலாமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மகளுக்கு 16 வயது. மேலே நடு முன்பற்களின் இரு பக்கமும் பல் உருவாகவே இல்லை. பள்ளி விடுமுறையில் இம்பிளான்ட் போட்டுவிடலாம், ஒரே வாரத்தில் ஆறிவிடும் என்று ஒருவர் பேக்கேஜ் பேசுகிறார். போடலாமா?

இப்போது வேண்டாம், அம்மா. தாடை வளர வளர நம் பற்களும் கூடவே இறங்கும். இம்பிளான்ட் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் டைட்டானியம் திருகு. வைத்த இடத்திலேயே நிற்கும். 15 வயதில் போட்டுக்கொண்ட ஒரு பையன் 22 வயதில் என்னிடம் வந்தான். மற்ற பற்கள் இறங்கியிருக்க, அது மட்டும் மேலே குட்டையாக நின்றது. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போனது. வளர்ச்சி நின்றதை இடைவெளி விட்டு எடுத்த எக்ஸ்ரேக்களில் பார்த்த பிறகே போட வேண்டும்.

ஒரு வாரம் என்பது தையல் பிரிக்கும் கணக்கு. வீக்கம் இரண்டு மூன்று நாளில் ஏறி இறங்கும். எலும்பு திருகைப் பிடிக்க 3 முதல் 6 மாதம் ஆகும். பல் முளைக்காத இடத்தில் எலும்பு பெரும்பாலும் மெலிந்திருக்கும். எலும்பு வைத்துக் கட்டினால் இன்னும் பல மாதம். இதை எந்தப் பேக்கேஜ்காரரும் சொல்வதில்லை.

அவரிடம் ஒன்று கேளுங்கள்: திருகு வைக்கப்போகும் மருத்துவர் யார்? பெயரைச் சொல்லாமல் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சொன்னால், மலேசிய பல் மருத்துவ மன்றத்தின் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். சமூக ஊடகத்தில் பிடித்து, வீட்டு அறையில் பிரேசஸ் (பல்லை வரிசைப்படுத்தும் கம்பி) மாட்டிவிடும் போலிகள் இங்கே பிடிபட்டிருக்கிறார்கள். அரசாங்கத்தில் நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கிறோம். அந்தக் காத்திருப்புதான் புரோக்கருக்குச் சோறு போடுகிறது. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அந்த இடத்தில் பால் பல் இன்னும் இருக்கிறதா? இருந்தால் கதையே வேறு. ஆடாமல், சொத்தை இல்லாமல் இருந்தால் யார் சொன்னாலும் பிடுங்க விடாதீர்கள். பிடுங்கினால் எலும்பு சுருங்கும். நல்ல பால் பல் 30 வயது தாண்டியும் நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பற்களைவிட உள்ளே அமுங்கிக்கொண்டே போனால் மட்டும் உடனே காட்டுங்கள்.

வளர்ச்சி நிற்கும்வரை ரிட்டெய்னரில் (பற்கள் நகராமல் பிடிக்கும், கழற்றி மாட்டும் தட்டு) பொய்ப்பல் வைக்கலாம், பக்கத்துப் பல்லில் ஒட்டி நிறுத்தும் பொய்ப்பல்லும் உண்டு, அதைப் பாலம் என்போம். பிள்ளைக்கு பிரேசஸ் போட்டிருந்தால், கழற்றும் முன் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வெளியே இடைவெளி தெரிந்தால் போதாது, வேர்களுக்கு நடுவிலும் திருகு நுழைய இடம் வேண்டும்.