குடிக்கடம் ‘நில்’ என்றால் நில்லுங்கள்

கேள்வி: வயது 38. பொள்ளாச்சியில் நூல் மில் ஒன்றில் சூப்பர்வைசர். கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. சொந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் கொழிஞ்சாம்பாறை அருகே. என் மனைவியின் தாய்மாமா, அங்கே 7 சென்ட்டில் உள்ள வீட்டை 28 லட்சத்துக்குத் தருகிறார். அது அவருடைய அப்பா, அதாவது என் மனைவியின் தாத்தா, சம்பாதித்து வாங்கியது. தாத்தா இறந்து 9 வருடம் ஆகிறது, பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். மாமாவுக்கு உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர்: என் மாமியாரும் இன்னொரு தங்கையும். மாமா கேட்கக் கேட்க இதுவரை 5 லட்சம் கொடுத்திருக்கிறேன், அதில் 3 லட்சம் நகைக் கடன். இப்போது மகள் கல்யாணத்துக்கு ஆவணிக்குள் இன்னும் 4 லட்சம் வேண்டும் என்கிறார். பர்சனல் லோன் தயாராக இருக்கிறது. மீதிக்கு வீட்டுக் கடன் வாங்க எண்ணம். 13 வருடத்துக்குக் குடிக்கடம் (வில்லங்கச் சான்று) எடுத்தேன், ‘நில்’ (Nil, பதிவு எதுவும் இல்லை) என்று வந்தது. சொத்தைச் சரிபார்க்கிற ஒரு ஆப்பில் 1,499 ரூபாய் கட்டிப் பார்த்ததிலும் பச்சை டிக். கரம் (நிலவரி) ரசீது மாமா பெயரில்தான் இருக்கிறது, ‘நிலம்’ என்று போட்டிருக்கிறது. அசல் ஆதாரத்தை (கிரயப் பத்திரத்தை) மட்டும் இன்னும் காட்டவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் ஏனோ மனசு அடித்துக்கொள்கிறது.

பதில்: உங்கள் மனசு சரியாகத்தான் அடித்துக்கொள்கிறது. அந்த 4 லட்சத்தை அனுப்பாதீர்கள். பர்சனல் லோனில் கையெழுத்தும் போடாதீர்கள்.

வில்லங்கச் சான்று என்று தமிழ்நாட்டிலும் குடிக்கடம் என்று உங்கள் பக்கத்திலும் சொல்கிற அந்தத் தாள், பதிவான பத்திரங்களை மட்டும்தான் காட்டும். சாவு பதிவுப் பத்திரம் இல்லை. தாத்தா இறந்தது 9 வருடத்துக்கு முன்பு, நீங்கள் தேடியது 13 வருடத்துக்கு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தாத்தா போன பிறகு அந்தச் சொத்தில் பாகப்பத்திரம் பதிவாகவில்லை. உங்கள் மாமியாரோ அவர் தங்கையோ பங்கை விட்டுக்கொடுத்து ஒழிமுறி எழுதிக் கொடுக்கவும் இல்லை. அந்த ‘நில்’லுக்கு அர்த்தம் இதுதான். நீங்கள் நல்ல சேதி என்று நினைத்தீர்கள், நான் அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தாத்தா உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. 28 லட்சத்தை மூன்றால் வகுத்தால் ஒருவருக்குச் சுமார் 9 லட்சத்து 33 ஆயிரம். மாமா விற்கக்கூடியது அவ்வளவுதான். இந்த 4 லட்சத்தையும் கொடுத்தால் மொத்தம் 9 லட்சம் ஆகிவிடும், அதாவது ஏறக்குறைய அவருடைய முழுப் பங்கு. மீதி 18 லட்சத்துச் சொச்சத்துக்கு அவர் விற்பது தங்கைகளின் பங்கை. அதில் பாதி உங்கள் மாமியாருடையது, வாங்குவது அவருடைய மருமகன்! கரம் ரசீதைக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடியாது. வரி கட்டியது யார் என்றுதான் அந்த ரசீது சொல்லும்.

உயில் இருக்கலாம். பதிவு செய்த உயிலானாலும் குடிக்கடத்தில் வராது, அது தனிப் புத்தகத்தில் கிடக்கும். ஆகவே கேட்டால்தான் தெரியும்.

அந்தப் பச்சை டிக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீங்கள் எடுத்த அதே தாளைத்தான் ஆப்பும் எடுத்துப் பச்சை அடித்திருக்கும். தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அது யாரிடம் கேட்டது? 1,499 ரூபாய் போனது போகட்டும்.

அடுத்தது அந்த ‘நிலம்’. எல்லை தாண்டி வேலைக்குப் போய் வருகிறவர்கள் சறுக்குகிற இடம் இது. நமக்கு நிலம் என்றால் எந்த மண்ணும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டுகிற மனைக்குப் ‘புரயிடம்’ என்று இருக்க வேண்டும். 2008-ல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, வயலை நினைத்தபடி மனையாக்க முடியாது. அந்த சர்வே நம்பர் டேட்டா பேங்கில், அதாவது நெல்வயல்களின் அரசுப் பட்டியலில், இருக்கிறதா என்று வில்லேஜ் ஆபீஸிலும் கிருஷி பவனிலும் (வேளாண் அலுவலகம்) கேளுங்கள். இருக்கிற வீட்டுக்குப் பஞ்சாயத்து நம்பர் எந்த வருடம் கிடைத்தது என்றும் பாருங்கள். நிலத்தின் தன்மையை மாற்ற வருவாய் அதிகாரியிடம் போகலாம், ஆனால் அதற்குச் செலவும் உண்டு, காத்திருப்பும் உண்டு. அது உங்கள் தலையில் விழக்கூடாது.

அசல் ஆதாரம் பீரோவில் இருந்தால் காட்ட ஒரு நிமிடம் போதும். காட்டவில்லை என்றால் அடகில் இருக்கலாம். ஆதாரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன், பத்திரம் பதியாமலே நடந்திருந்தால் குடிக்கடத்தில் தெரியாது. அப்படிப்பட்ட அடமானங்களைப் பதிகிற செர்சாய் (CERSAI) என்ற மத்தியப் பதிவேட்டில் சில்லறைக் காசு கட்டித் தேடிப் பார்க்கலாம். ஆனால் தனியாளிடம் கைமாற்றுக்குக் கொடுத்து வைத்திருந்தால் அதிலும் வராது. அசலைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். நகைக் கடனுக்கு 12 சதவீதம் என்று வைத்தால் மாதம் 3,000 வட்டி. பர்சனல் லோன் 4 லட்சம், 16 சதவீதம், மூன்று வருடம் என்றால் தவணை சுமார் 14,000. மீதி 19 லட்சத்துக்கு வீட்டுக் கடன், எட்டரை சதவீதம், இருபது வருடம்: சுமார் 16,500. மொத்தம் 33,500. சம்பளம் 42,000. முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று பதிவுக்கே 2 லட்சத்து 80 ஆயிரம் ஆகுமே, அதை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

சம்பளத்தில் பாதியைத் தாண்டித் தவணை போனால் பொதுவாக வங்கி கையை விரிக்கும். அப்படியே கொடுக்க வந்தாலும் அதன் வக்கீல் முதலில் கேட்பது பாகப்பத்திரத்தைத்தான். கடன் இல்லை என்று அவர்கள் சொல்கிற நாளில் உங்கள் 9 லட்சம் கல்யாண மண்டபத்திலும் நகைக்கடையிலும் செலவாகியிருக்கும். மாமா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. திருப்பித் தர அவரிடம் பணம் இருக்காது, அவ்வளவுதான்.

கேட்டதும் அனுப்புகிற பழக்கம்தான் உங்களைக் கடனாளி ஆக்குகிறது. கல்யாணத்துக்கு உதவ ஆசையா? முடிந்ததை மொய்யாக வையுங்கள், திரும்பி வராது என்று தெரிந்தே வையுங்கள். வீட்டுப் பணம் வேறு. கொடுத்த 5 லட்சத்தைக் காட்டி, மூன்று வாரிசுகளும் கையெழுத்திட்டு, பத்திரம் சரியில்லை என்றால் இத்தனை நாளில் திருப்பித் தருவோம் என்ற வரியோடு ஒப்பந்தம் எழுதுங்கள். அதற்கு முன்பு, மலையாள ஆதாரங்களைச் சரளமாகப் படிக்கிற பாலக்காட்டு வக்கீல் ஒருவரிடம் முன்னாதாரம் (முந்தைய பத்திரம்) உட்பட 30 வருடத்துக் காகிதங்களைக் கொடுத்துப் பாருங்கள். பத்து பதினைந்தாயிரம் கேட்கலாம். மிஞ்சிப்போனால் உங்கள் நகைக் கடனுக்கு ஐந்து மாத வட்டி அது.

அதுவரை மாதம் மிஞ்சுவதை நகையை மீட்கப் போடுங்கள்.

ஆனால் முதல் போன் வக்கீலுக்கு வேண்டாம், மாமியாருக்குப் போடுங்கள். தாத்தா உயில் எழுதினாரா, அண்ணன் வீட்டை விற்பது தங்கைகள் இரண்டு பேருக்கும் தெரியுமா என்று கேளுங்கள். மாமா அடுத்த முறை கூப்பிடுவதற்குள் கேட்டுவிடுங்கள்.