சாவிக் கொத்தை வீசிவிட்டு வந்த மாதக் கடைசி

‘மேலாளரிடம் கத்திவிட்டு, அந்த நிமிடமே வேலையை உதறிவிட்டு வந்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? பின்னால் அதற்காக வருந்தினீர்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அப்படி வந்தவன். அந்த வேலையை விட்டதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால், விட்ட விதத்தை நினைத்தால் இன்றும் மனம் சங்கடப்படுகிறது. நீங்களும் அத்தகைய ஒரு நாளை நெருங்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வியிலிருந்தே தெரிவதால், நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் குழாய்களும் அவற்றின் இணைப்புகளும் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், 2014 பிப்ரவரி 2ஆம் தேதியிலிருந்து சரக்கை அனுப்பிவைக்கும் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். காலையில் புதுச்சேரிப் பேருந்தைப் பிடித்து, ஆல்பேட்டை, முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வந்து, புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பேருந்தில் ஏறித் தொழிற்பேட்டைக்குப் போக வேண்டும். முதல் மூன்று ஆண்டுகள் வேலையில் பெரிய குறையேதும் இல்லை. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போவதற்கு, இணையத்தில் பதிந்து பெறும் சரக்குச் சீட்டான இ-வே பில் கட்டாயமாயிற்று. புதுச்சேரியில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் சுமை தெரியும். எந்தத் திசையில் லாரி கிளம்பினாலும் சிறிது தூரத்தில் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். பக்கத்திலிருக்கும் கடலூருக்கு அனுப்புகிற சரக்குகூடச் சட்டப்படி வெளிமாநிலச் சரக்குதான். ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு லோடுக்கும் பில், எல்.ஆர். என்ற லாரி ரசீது, இ-வே பில் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். இ-வே பில்லின் ‘பார்ட் பி’ என்ற பகுதியில் லாரியின் எண்ணை ஏற்றிய பிறகே வண்டி வாசலைத் தாண்டலாம்.

இந்த வேலைக்கென்று இருந்த கணினிப் பணியாளரை மே மாதத்தில் கணக்குப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பின் பில் போடுவது, லோடு எண்ணுவது, லாரிக்காரர்களிடம் பேசுவது, கேட் பாஸ் எழுதுவது எல்லாம் நானும், சேர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்த ஒரு தம்பியும்தான். மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கை முடிப்பதற்காக ஒரே நாளில் 12, 14 லோடுகள்கூடப் போகும். இன்னொரு ஆள் வேண்டும் என்று இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 29 இரவு கோயம்புத்தூருக்கு ஒரு லோடு கிளம்பியது. சரக்கின் மதிப்பு 4,20,000 ரூபாய். அந்த லாரியின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை நான் இடம் மாற்றித் தட்டிவிட்டேன். தவறு என்னுடையதுதான், அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. மறுநாள் ஆத்தூருக்கு அருகில் வரித் துறையின் பறக்கும் படையினர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தின் அப்போதைய 129ஆவது பிரிவின்படி, சரக்கை விடுவிக்க வரியும் அதே அளவு அபராதமும் கட்ட வேண்டும். 18 சதவீத வரி 75,600 ரூபாய், அபராதம் இன்னொரு 75,600 ரூபாய். ஆக மொத்தம் 1,51,200 ரூபாய். இரண்டே வாரம் கழித்து, செப்டம்பர் 14 அன்று, வாகன எண்ணில் ஓரிரு இலக்கங்கள் பிசகுவது போன்ற சிறு பிழைகளுக்கு மொத்தம் 1,000 ரூபாய் அபராதம் போதும் என்று மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை வெளியிட்டது. அதை நான் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளில் படித்தேன்.

31ஆம் தேதி வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். லோடு ஏற்றும் மேடையில் மூன்று லாரிகள் நின்றன, தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் அலுவலகத்திலிருந்து இறங்கி வந்து, லோடுமேன்களும் ஓட்டுநர்களும் பார்த்திருக்க, என்னை ‘டேய்’ என்று அழைத்தார். படித்தவனா நீ என்றார். ஒன்றரை லட்சத்தையும் உன் சம்பளத்தில்தான் பிடிப்பேன் என்றார். அதுவரை பொறுத்துக்கொண்டு நின்றேன். பிறகு என் வீட்டாரை இழுத்து ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன்.

அதன்பின் நான் பேசியது முழுவதும் எனக்கு நினைவில்லை. ஆள் கேட்டு எழுதிய இரண்டு மின்னஞ்சல்களைப் பற்றிக் கத்தினேன் என்பதும், என் குரல் எனக்கே அன்னியமாகக் கேட்டது என்பதும் நினைவிருக்கின்றன. கிடங்கின் சாவிக் கொத்து என் கையில் இருந்தது. ‘உங்கள் வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்’ என்று அதை மேசை மீது வீசினேன். அது மேசையில் வழுக்கிக்கொண்டு போய், கேட் பாஸ் புத்தகத்தைத் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் நின்ற வயதான லோடுமேன் ஒருவரின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். சாவியில் ஒட்டியிருந்த தூசியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்து, மேலாளரிடம் கொடுக்காமல் என்னிடமே நீட்டினார். ‘வேணாம் தம்பி, கையில வச்சுக்க’ என்றார். நான் வாங்கவில்லை. அந்தக் கை அப்படியே நீண்டிருக்கத்தான் நான் திரும்பி நடந்தேன்.

பேருந்தில் அரியாங்குப்பம் பாலம் வரை உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெரிய நிம்மதி. பல மாதங்களாகத் தொண்டையில் அடைத்திருந்த ஏதோ வெளியே வந்துவிட்டதைப் போல இருந்தது. இதை மறைத்தால் உங்களுக்கு உண்மையான பதிலைச் சொன்னவன் ஆக மாட்டேன். அந்த நிம்மதி பெண்ணையாற்றைத் தாண்டும் வரை நிலைத்தது. ஆல்பேட்டையில் பேருந்து நின்றபோதுதான், மறுநாள் காலை எங்கே போவது என்ற எண்ணம் முதன்முதலாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி, ‘என்னங்க இவ்ளோ சீக்கிரம்? டிபன் பாக்ஸ் எங்க?’ என்று கேட்டாள். சாப்பாட்டைத் திறக்காமலே தொழிற்சாலையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அடுத்த சில மாதங்களில் எனக்குத் தெரிய வந்தவைதான் உங்களுக்குப் பயன்படக்கூடியவை. முதலாவது, அன்று நான் அவ்வளவு உரக்கச் சொன்னது எதுவும் தாளில் இல்லை. நான் ராஜினாமா செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து வந்த பதிவுத் தபாலில், முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராதவன் என்று குறிப்பிட்டு விளக்கம் கேட்டிருந்தார்கள். மேலாளர் பேசிய சொல்லும் அதில் இல்லை, ஆள் கேட்டு நான் எழுதியதும் இல்லை. அங்கே நின்றவர்கள்கூட, நான் சாவியை வீசியதைத்தான் பின்னால் பேசினார்களாம். என் பக்கத்து நியாயம் அந்தச் சாவிச் சத்தத்தில் அமுங்கிப்போனது. இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத குறை. நான் சொன்னது உண்மை. அதை யாரும் காதில் வாங்க முடியாதபடி சொன்னவனும் நானே.

இரண்டாவது, சம்பளத்தில் பிடிப்பேன் என்ற மிரட்டல். அப்போது நடைமுறையிலிருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டப்படி, தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த நட்டத்துக்குப் பிடித்தம் செய்வதற்கு முன், அவருடைய விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தந்தாக வேண்டும்; நினைத்த மாத்திரத்தில் பிடித்துவிட முடியாது. ‘எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன்’ என்று அன்று நான் சொல்லியிருந்தால், அந்த இரண்டு மின்னஞ்சல்களும் என் விளக்கத்தின் முதல் பக்கமாக இருந்திருக்கும்.

மூன்றாவது, கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை. அப்போது நடைமுறையிலிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு 5 ஆண்டு தொடர்பணி வேண்டியிருந்தது. ஆனால், 4 ஆண்டுகள் முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. நான் வெளியேறிய அன்று ஐந்தாம் ஆண்டில் 211 நாள். இன்னும் 29 நாள் இருந்திருந்தால் கேட்க உரிமை இருந்திருக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து எனக்கு 13,000 ரூபாய். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு 7,500. ஐந்து ஆண்டுக்கு 37,500 ரூபாய். முறையாக ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வந்திருந்தாலே அந்த 29 நாளும் கடந்திருக்கும். மாறாக, முன்னறிவிப்பு கொடுக்காததற்காக ஆகஸ்ட் மாதச் சம்பளத்தையும் கழித்துக்கொண்டார்கள்.

பி.எஃப். பணமும் உடனே கிடைக்கவில்லை. அப்போது முழுத் தொகையையும் எடுக்க 2 மாதம் வேலையின்றி இருக்க வேண்டும். அதற்கு முன், நான் விலகிய தேதியை நிறுவனம் இணையத்தில் பதிய வேண்டும். என்னுடைய விலகலே எழுத்தில் இல்லாததால் அவர்கள் பதியவில்லை. 2020இல், கடைசிச் சந்தா செலுத்தப்பட்டு 2 மாதம் ஆனால் தொழிலாளியே தேதியைப் பதிந்துகொள்ளும் வசதி வந்துவிட்டது. எனக்கு அது இல்லை. டிசம்பரில் நானே நேரில் போய், மனிதவளப் பிரிவு அலுவலரிடம் ஒரு மணி நேரம் காத்திருந்து, பழைய தேதியிட்ட ராஜினாமாக் கடிதம் ஒன்றைக் கொடுத்த பிறகுதான் தேதியும் ரிலீவிங் கடிதமும் கிடைத்தன. அதற்குள் கடலூரில் கைக்கு வந்த ஒரு வேலை, அந்தக் கடிதம் இல்லாததால் தவறிப்போயிருந்தது. மனைவியின் வளையல் அந்த நான்கு மாதமும் அடகில் இருந்தது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் மேலாளர் உங்களை இழிவாகப் பேசினால், அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த இடத்தை விட்டு அப்போதே வெளியேறுங்கள். ஆனால் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறுங்கள். ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு வரி போதும். கை நடுங்கினாலும் எழுதிவிடலாம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகும் விட வேண்டும் என்றே தோன்றினால் விட்டுவிடுங்கள். நான் தடுக்க மாட்டேன். அப்போது இரண்டு கடிதங்களாக எழுதுங்கள். ராஜினாமாக் கடிதத்தில் விலகும் தேதியைத் தவிர வேறெதுவும் வேண்டாம். நடந்ததை, தேதி, நேரம், உடன் இருந்தவர்கள் யார் என்பதோடு தனிக் கடிதமாக மேலிடத்துக்கு அனுப்புங்கள். சேர்த்து எழுதினால், கோபத்தில் விலகினான் என்று அதையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். சம்பளச் சீட்டுகளையும் நியமன ஆணையையும் முன்கூட்டியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பி.எஃப். கணக்கோடு இணைந்திருப்பது உங்கள் கைபேசி எண்தானா என்று இன்றே பாருங்கள். சேர்ந்த தேதியிலிருந்து நாட்களை எண்ணிப் பாருங்கள்.

பணம் போனதை ஒருவாறு ஈடுகட்டிவிட்டேன். ஈடுகட்ட முடியாதது ஒன்று உண்டு. அந்தத் தம்பியைப் பற்றியது. நான் கிளம்பியபோது அன்றைய 13 லோடுகளில் நான்குதான் போயிருந்தன. மீதி ஒன்பதையும் அவன் ஒருவனே பில் போட்டு அனுப்பியிருக்கிறான். என் மீதிருந்த ஆத்திரமும் அவன் மீதே இறங்கியிருக்கிறது. எனக்காக நான் போட்ட சத்தத்தின் விலையை அந்த இரவு கொடுத்தவன் அவன்தான் என்பது, அவன் வரும்வரை என் நினைவில் எழவே இல்லை. மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் பாகூரிலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு வண்டியில் வந்து, வாசலில் நின்று, என் டிபன் பாக்ஸைக் கொடுத்தான். கழுவித் துடைத்திருந்தது. ‘கடைசி வண்டி போறப்ப ரெண்டே முக்கா ஆயிடுச்சுண்ணே. ஒவ்வொரு நம்பரையும் டிரைவரைச் சத்தமாப் படிக்கச் சொல்லித்தான் அடிச்சேன்’ என்றான். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. உள்ளே அழைத்துச் சாப்பிடச் சொன்னேன்.

இப்போது கடலூரில் ஒரு லாரி சரக்கு அலுவலகத்தில் இருக்கிறேன். ஓட்டுநர் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படிப்பார்; நான் தட்டுவேன்; பிறகு நான் படிப்பேன், அவர் சரிபார்ப்பார். மாதக் கடைசியிலும் அப்படித்தான் செய்கிறோம்.