சபையில் நான் வாசிப்பதும் பேசுவதும் ஏன் ஒருவருக்கும் போய்ச்சேருவதில்லை?

கேள்வியின் சுருக்கம்: திருகோணமலையில் ஒரு சபையில் வேதபாடம் வாசிக்கவும் வீட்டு ஜெபக்கூட்டங்களில் பேசவும் உங்களைக் கேட்கிறார்கள். முடிந்ததும் "நல்லாயிருந்தது" என்கிறார்கள். என்ன கேட்டீர்கள் என்றால் ஒருவரும் வாய்திறப்பதில்லை. வார்த்தைக்கு வல்லமை உண்டு என்கிறார்களே, அது எங்கே போகிறது?

முதலில் அந்த வல்லமை என்ற சொல்லைப் பார்ப்போம். "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" என்ற நீதிமொழிகள் 18:21ஐ எடுத்து, உரத்த குரலில் திரும்பத் திரும்ப அறிக்கை செய்தால் காரியம் பலிக்கும் என்று சொல்லிக்கொடுக்கிற பழக்கம் பரவிவிட்டது. அதே அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். காரியத்தைக் கேட்காமலே பதில் சொல்லுகிறவன், வழக்கில் முதலில் பேசுவதால் நியாயவானாகத் தெரிகிறவன், வாயால் சண்டையை இழுத்து வருகிறவன் என்று அக்கம்பக்கத்து ஆட்களைத்தான் காண்பீர்கள். மந்திரம் அங்கே இல்லை. பவுலுக்கும் கவலை விளக்கத்தைப் பற்றியதுதான். சபையில் அந்நிய பாஷையில் பதினாயிரம் வார்த்தை பேசுவதைவிட, மற்றவர்களுக்கு உணர்த்தும்படி ஐந்து வார்த்தை பேசுவதே தனக்கு விருப்பம் என்கிறார் (1 கொரிந்தியர் 14:19). தெளிவில்லாத பேச்சுக்கு அவர் வைத்த பெயர் "ஆகாயத்தில் பேசுதல்".

உங்கள் சிக்கல் பெரும்பாலும் வாசிப்பில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். இல்லை என்பதும் அந்த வினையின் வாலில்தான் ஒட்டியிருக்கும். நாமோ மூச்சு முடியும் இடத்தில் குரலைத் தாழ்த்திவிடுகிறோம். 23ஆம் சங்கீதத்தையே எடுங்கள்: "நான் தாழ்ச்சியடையேன்." அதில் ஒரு "வே" புகுந்து "தாழ்ச்சியடைவேன்" ஆனால் அர்த்தம் தலைகீழ். பழைய மொழிபெயர்ப்பின் இந்த எதிர்மறை வடிவம் இன்று பேச்சில் இல்லை. ஆகவே அவசரமாக வாசிக்கிற நாக்கு பழகிய வடிவத்துக்குத் தானாகச் சறுக்கும். நாலாம் வசனத்தில் "பொல்லாப்புக்குப் பயப்படேன்" வரும்போது மறுபடி அதே குழி. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் "எனக்கேதும் குறையில்லை" என்று இருப்பதால் இந்த ஆபத்துக் குறைவு. ஆனாலும் கடைசி "இல்லை" விழுங்கப்பட்டால் அங்கேயும் கதை கந்தல்தான்.

இதற்கு மருந்து பென்சில். வாசிக்கும் பகுதியை முதல்நாள் இரவே எடுத்து, வாய்விட்டு மூன்று தடவை வாசியுங்கள். முதல் தடவையில் மூச்சு முட்டும் இடங்களில் சாய்கோடு போடுங்கள். இரண்டாம் தடவையில் ஒவ்வொரு வசனத்தின் கடைசி வினைக்கும் கீழே கோடிடுங்கள், குரல் இறங்கக்கூடாத இடம் அது. மூன்றாம் தடவை கடிகாரத்தோடு. 23ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். அதை நாற்பது வினாடிக்குள் முடித்தால் நீங்கள் ஓடுகிறீர்கள், ஒரு நிமிடம் எடுத்தால் சரி. பவுலின் கடிதங்களுக்கு இன்னும் நிதானம் வேண்டும். எபேசியர் 1:3 முதல் 14 வரை கிரேக்கத்தில் ஒரே நீண்ட வாக்கியம். அதைத் தமிழில் மூச்சுவிடாமல் வாசிக்கிறவர் பாதியில் எழுவாயைத் தொலைத்துவிடுவார், கேட்கிறவர்கள் அதற்கும் முன்னமே தொலைத்திருப்பார்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாடிக்கு நேராக இருக்கட்டும். வாய்க்கு நேரே வைத்தால் "ப"வும் "ஃப"வும் வெடிக்கும். உயரமான கூரையுள்ள பழைய கோயில்களில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த சொல்லின்மேல் விழும். அங்கே சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். சாய்கோடு போட்ட இடத்தில் ஒரு வினாடி நில்லுங்கள், அது போதும். மின்விசிறி காகிதத்தைப் புரட்டும், ஒரு கிளிப் கொண்டுபோங்கள்.

அடுத்தது சொற்கள். உவர்மலையிலோ பாலையூற்றிலோ ஒரு வீட்டுக் கூட்டம் என்றால், பக்கத்து வீட்டுச் சைவக்காரரும் வந்து ஓரமாக இருப்பார். நீங்கள் "ஆவி" என்றால் அவருக்குப் பேய் நினைவு வரலாம், "மாம்சத்தின் கிரியைகள்" என்றால் இறைச்சி. "ஆக்கினைத்தீர்ப்பு" பல விசுவாசிகளுக்கே விளங்காது. அதற்காக வேதச் சொல்லைத் தூக்கி எறியத் தேவையில்லை. நெகேமியா 8:8இல் தீர்க்கமாக வாசித்தார்கள், அர்த்தம் சொன்னார்கள், விளங்கப்பண்ணினார்கள் என்று மூன்று வேலை இருக்கிறது. நாம் முதலாவதோடு நிறுத்திவிடுகிறோம். சொல்லை ஒருமுறை சொல்லி, உடனே வீட்டுப் பேச்சில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்: "ஆக்கினைத்தீர்ப்பு, அதாவது குற்றவாளி என்று தீர்த்துத் தண்டனை கொடுக்கிறது." ஒரு கூட்டத்துக்கு இப்படி மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் கலந்திருக்கும் இடமென்றால் "இரட்சிப்பு" என்றதோடு "மீட்பு" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிங்களமும் தேவைப்படும் ஆராதனையில் மொழிபெயர்ப்பாளர் நிற்பார். அவருக்கு ஏழெட்டுச் சொல்லில் முடிந்த வாக்கியமாகக் கொடுங்கள், அரை வாக்கியத்தில் நிறுத்தாதீர்கள். சிங்களத்திலும் வினை கடைசியில் வருவதால் அவர் ஓரளவு சமாளிப்பார். ஆங்கிலத்துக்கு மாற்றுகிறவரோ உங்கள் வினை வரும்வரை வாயைத் திறக்க முடியாது. சிலேடை, எதுகை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். இருபது நிமிடம் தந்தால் உங்களுக்குள்ளது பத்து நிமிடச் சரக்குத்தான். வசன எண்களை முன்கூட்டியே அவரிடம் எழுதிக் கொடுங்கள்.

வட்ஸ்அப் அறிவித்தல்களில் "நாளை மாலை, வழமையான இடம்" என்று எழுதவே வேண்டாம். அதை மூன்றாம் நாளும் யாராவது அனுப்பிக்கொண்டிருப்பார்கள். திகதி, கிழமை, நேரம், வீதி நான்கும் இருந்தால் போதும்.

சபையைக் கெடுக்கிற பேச்சு பெரும்பாலும் மேடையில் நடப்பதில்லை. "ஜெபத்துக்காகத்தான் சொல்லுறன், ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று தொடங்குவது அநேகமாக வம்பு. ஜெபக்குறிப்பு வாங்கும்போது, "இதைக் குழுவில் சொல்லலாமா, பெயரோடயா, பெயரில்லாமலா?" என்று அந்த ஆளிடமே கேளுங்கள். மனத்தாங்கல் என்றால் மத்தேயு 18:15-17இன் ஒழுங்கு தெளிவு: முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்". பிறகு ஒன்றிரண்டு சாட்சிகள், பிறகுதான் சபை. நாம் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம், அதுவும் ஆள் இல்லாத நேரத்தில். யாக்கோபு நாக்கைக் கப்பலின் சுக்கானுக்கு ஒப்பிட்டதைத் துறைமுகத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரைச்சல் போடுவது எஞ்சின், ஆனால் படகு திரும்புவது கைப்பிடியை அசைக்கிற அந்தச் சிறு அசைவில்.

செத்தவீடுதான் எல்லாவற்றிலும் கடினம். "ஆண்டவருடைய சித்தம்", "நல்ல இடத்துக்குப் போயிட்டார்", "உங்களுக்கு இன்னும் பிள்ளைகள் இருக்கினம்தானே" என்ற மூன்றையும் தவிருங்கள். மூன்றுமே அழுகையை நிறுத்தச் சொல்கிற பேச்சு. யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் பேசாமல் தரையில் இருந்தார்கள், அதுவரை அவர்களிடம் பிழையில்லை. பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. நீங்கள் கையைப் பிடித்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி, "அண்ணனை நினைச்சுக்கொண்டே வந்தனான் அக்கா" என்றால் போதும். "ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ" என்று விட்டுவிட்டு வராதீர்கள், ஒருவரும் சொல்லமாட்டார்கள். "நாளைக்கு மத்தியானச் சாப்பாடு நான் கொண்டுவாறன்" என்று சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோங்கள். 31ஆம் நாள் முடிந்து உறவுகள் போனபிறகு வீடு வெறிச்சோடும். அந்தக் கிழமை ஒருநாள் போய், வேதப்புத்தகம் இல்லாமலே ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.