கை ஓடுகிறது, என்ன செய்ய?

கிட்டார் வாசிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கான பக்கம் இது. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் தாளத்தைப் பற்றியே இருந்ததால், அவற்றையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்தால் எல்லாம் சரியாக வருகிறது. மெட்ரோனோம் (சீரான இடைவெளியில் கிளிக் சத்தம் தரும் கருவி) வைத்தால் பத்தே நொடியில் தப்பிவிடுகிறது. அது இல்லாமலே பழகினால் என்ன?

பதில்: உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அதன்மேல் கோபம், அவ்வளவுதானே? பாட்டோடு வாசிக்கும்போது டிரம்ஸ், பேஸ், பாடுகிறவர் குரல் எல்லாம் சேர்ந்து உங்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகின்றன. ஒரு பீட்டுக்கும், அதாவது தாளத்தின் ஒரு தட்டுக்கும், அடுத்த பீட்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு சத்தம் நிரம்பியே இருக்கிறது. மெட்ரோனோமில் இரண்டு கிளிக்குக்கு நடுவே ஒன்றுமே கிடையாது. அந்தக் காலி இடத்தை நீங்களேதான் அளக்க வேண்டும், அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

முதலில் 60-இல் வையுங்கள், நிமிடத்துக்கு 60 கிளிக், அதாவது நொடிக்கு ஒரு கிளிக். இடது கை விரல்களைக் கம்பிகள்மேல் லேசாகப் படியவைத்து ஊமையாக்கிவிட்டு, வலது கையை மட்டும் கீழே, மேலே, கீழே, மேலே என்று விடுங்கள். கீழே வருவது கிளிக்கோடு, மேலே போவது இரண்டு கிளிக்குக்குச் சரிபாதியில். கம்பியில் படவேண்டாத இடத்திலும் கை நிற்கக் கூடாது, காற்றிலேயே போய்த் திரும்ப வேண்டும். ஸ்ட்ரம்மிங்கில் தப்புகிறவர்களின் கையைக் கவனித்துப் பாருங்கள், நின்று நின்று கிளம்பும். உங்கள் அடி கிளிக்கின்மேல் மிகச்சரியாக விழுந்தால் கிளிக் சத்தமே காதுக்கு மறைந்துபோகும். அப்படி நாலு தடவை தொடர்ந்து மறைந்தால் அன்றைக்குச் சந்தோஷப்படலாம்.

அப்புறம் கிளிக்கைக் குறைத்துக்கொண்டே போங்கள். 120 வேகத்தில் உள்ள பாட்டுக்கு மெட்ரோனோமை 60-இல் வைத்து, கிளிக் இரண்டாவது பீட்டிலும் நாலாவது பீட்டிலும் விழுவதாக எண்ணி வாசியுங்கள். அதுவும் பழகிவிட்டால் 30, அதாவது நாலு பீட்டுக்கு ஒரே கிளிக். பழைய ஊசல் மெட்ரோனோமில் பொதுவாக அளவு 40-இலேயே தொடங்கும், போனில் இருக்கும் செயலிகளில் 30 வைக்கலாம். மெல்செல் என்பவர் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியது 1815-இல். அதற்கு முன்னாலும் ஜனங்கள் தாளத்தோடுதான் வாசித்தார்கள். தாளம் கையில் இருக்கிறதா என்று சரிபார்க்கத்தான் அந்தப் பெட்டி, சாய்ந்துகொள்ள அல்ல.

கேள்வி: வீட்டில் 96-இல் நிதானமாக வரும் பாட்டு மேடையில் தறிகெட்டு ஓடுகிறது. வாசிக்கும்போது தெரிவதில்லை, வீடியோவைப் பார்த்தால்தான் தெரிகிறது.

பதில்: நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்போது சரியான வேகமே மந்தமாகத் தோன்றும், உடனே கை தானாக முடுக்கிவிடும். அதனால் மேடையில் முதல் அடிக்கு முன் ‘இந்த வேகம் போதும்’ என்று மனசு சொல்வதை நம்பாதீர்கள். பாட்டில் சொற்கள் நெருக்கமாக வரும் ஒரு வரியை எடுத்து உள்ளுக்குள் பாடிப்பாருங்கள். நாக்கு புரளவில்லை என்றால் வேகம் அதிகம். பாடினபடியே காலால் தட்டி, அந்தத் தட்டலிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எண்ணி ஆரம்பியுங்கள். கிட்டார் மட்டும் தொடங்கி வைக்கும் பாட்டு என்றால் இது இன்னும் முக்கியம், முழுக் குழுவுக்கும் வேகம் வைப்பது நீங்கள்.

இதற்கு வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். இரண்டு மாடி ஏறி இறங்கிவிட்டு, மூச்சு வாங்கும்போதே கிட்டாரை மாட்டி, கிளிக் இல்லாமல் முதல் எட்டு பாரை (நாலு பீட் சேர்ந்தது ஒரு பார்) வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு எத்தனை பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) என்று அளந்து பாருங்கள். எனக்கு முதல் தடவை 96-க்கு 108 வந்தது, வெட்கமாக இருந்தது.

இன்னொன்று, சத்தம் கூடினால் வேகமும் கூடும். பல்லவி வந்ததும் ஓங்கி அடிக்கிறோம், கை ஓடுகிறது. அதே கிளிக்கில் ஒரு தடவை பூனை நடப்பதுபோல மெல்ல, ஒரு தடவை முழுச் சத்தத்தில் என்று மாற்றி மாற்றி வாசியுங்கள். இதெல்லாம் சலிப்பான வேலை என்று தோன்றினால் ஜாஸ் கிட்டார்காரர் ஃப்ரெடி க்ரீனை நினைத்துக்கொள்ளுங்கள். 1937-இல் பியானோக்காரர் கவுன்ட் பேசியின் ஜாஸ் குழுவில் சேர்ந்தவர், பேசி காலமான பிறகும் அந்தக் குழுவிலேயே இருந்து 1987-இல் மறையும்வரை வாசித்தார். சோலோ, அதாவது தனித்து வாசித்துக் காட்டுவது, அவரிடம் அபூர்வம். பாருக்கு நாலு அடி, அவ்வளவுதான். குழுவே அந்த நாலு அடியின்மேல் நின்றது.

கேள்வி: பெரிய மேடையில் டிரம்மர் எப்போதும் கொஞ்சம் பிந்துவதுபோலவே கேட்கிறது. அவர் தப்பா, என் தப்பா?

பதில்: இரண்டு பேர் தப்பும் இல்லை, தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், ஆக ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிநொடி. பத்து மீட்டர் தள்ளி நின்றால் அவர் அடி 30 மில்லிநொடி கழித்துத்தான் உங்களுக்கு வரும். 120 வேகத்தில் ஒரு பீட்டின் கால்பங்கே 125 மில்லிநொடிதான் என்பதால் அந்த முப்பது நன்றாகவே உறுத்தும். நீங்கள் கேட்ட சத்தத்தோடு சேர்ந்து வாசிக்க, அது அவருக்கு இன்னொரு முப்பது பிந்திப் போய்ச் சேர, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காத்திருந்து பாட்டு இழுவையாகிவிடும்.

டிரம்ஸ் பக்கத்தில் போய் நில்லுங்கள். முடியாவிட்டால் உங்கள் காலடி மானிட்டரில் (உங்கள் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்) டிரம்ஸின் கிக்கும் ஹை-ஹேட்டும் தரச்சொல்லிக் கேளுங்கள்; சவுண்ட் செக்கில் முதலில் கேட்க வேண்டியது அதுதான், நம் கிட்டார் சத்தத்தை அல்ல. அவர் குச்சியைப் பார்த்துக்கொண்டே வாசித்தாலும் பாதிப் பிரச்சினை தீரும். தூரத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு வாசிக்கவே கூடாது.

கேள்வி: நடுவில் ஒரு கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) தப்பினால் அதோடு மொத்தமும் நின்றுபோகிறது. எத்தனையோ தடவை பயிற்சி செய்தும்!

பதில்: அந்தப் பயிற்சியில்தான் கோளாறு. வீட்டில் தப்பு வந்த உடனே நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் நூறு தடவை பழகினது நிற்பதற்கு. கடினமான இரண்டு பாரைத் தனியாக எடுத்து, நின்று நின்று மெதுவாகச் சரிசெய்வது ஒரு வேலை. பாட்டை முழுதாக ஓட்டிப்பார்ப்பது வேறு வேலை. அதில் வீடே இடிந்தாலும் நிற்கக் கூடாது. கார்டு வரவில்லையா, இடது கையைத் தளர்த்திக் கம்பியை ஊமையாக்குங்கள், வலது கை அதே ஓட்டத்தில் ‘சக் சக்’ என்று போகட்டும், அடுத்த கார்டில் ஏறிக்கொள்ளுங்கள்.

ஒரு மேடையில் நான் இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடு) போடவேண்டிய கேப்போவை, அதாவது கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்பை, மூன்றாவதில் போட்டுவிட்டேன். எல்லோரும் ஒரு சுருதி, நான் அரைச்சுருதி மேலே. முதல் கார்டிலேயே வயிறு கலங்கியது. சுண்டுவிரலால் வால்யூமை மூடி, தலையை ஆட்டிக்கொண்டே கேப்போவை நகர்த்தி, அடுத்த வரியில் நுழைந்தேன். காலை மட்டும் தட்டிக்கொண்டே இருந்ததால் நுழையும் இடம் தெரிந்தது. பேஸ் வாசித்த நண்பர் மட்டும் இன்றுவரை விடுவதில்லை.

கேள்வி: தினமும் எத்தனை மணி நேரம்?

பதில்: இருபது நிமிடமாக மூன்று தடவை. மூன்றிலும் வேறு வேறு வேலை. வாரம் ஒரு நாளாவது நின்றுகொண்டு, தோள்வாரை மாட்டி வாசியுங்கள். உட்கார்ந்தே பழகினவர்களுக்கு மேடையில் ஃப்ரெட் இருக்கும் இடமே மாறிப்போய்விடும்.

கேள்வி: வாசிக்கும்போது கம்பி அறுந்தால்?

பதில்: 1985-இல் அமெரிக்க விவசாயிகளுக்காக நடந்த ஃபார்ம் எய்ட் இசை நிகழ்ச்சி மேடையில் ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி.கிங்குக்கு அறுந்தது. பாடிக்கொண்டே புதுக் கம்பியை மாட்டி, டியூன் செய்து, வாசிப்பைத் தொடர்ந்தார். நாம் கிங் இல்லை, அதனால் டியூன் செய்த இன்னொரு கிட்டார் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) அசையாத கிட்டாராக இருந்தால் மீதி ஐந்து கம்பியில் பாட்டை முடித்துவிடலாம். ஸ்பிரிங்கில் மிதக்கும் பிரிட்ஜ் என்றால் ஒரு கம்பி போனதும் மற்றவற்றின் சுருதியும் மேலே ஏறிவிடும், அங்கே சமாளிக்கப் பார்க்காதீர்கள், வால்யூமை மூடிவிட்டு அடுத்த கிட்டாரை எடுங்கள்.