பாஸ்வேர்ட் பெட்டி காலியாக இருந்தால் என்க்ரிப்ஷன் மென்பொருள் என்ன செய்ய வேண்டும்?

தி.நகர் ஆடிட்டர் அலுவலகத்துக்காக எழுதிய, ஃபைல்களைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டும் (என்க்ரிப்ட் செய்யும்) டெஸ்க்டாப் மென்பொருளில், பாஸ்வேர்ட் போடாமல் எண்டர் தட்டினால் கிராஷ் ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிராஷ் ஆவதே ஒருவகையில் நல்லது. பாஸ்வேர்டை என்க்ரிப்ஷன் சாவியாக மாற்றும் பிபிகேடிஎஃப்2 (PBKDF2) மாதிரியான முறைகள் காலிப் பாஸ்வேர்டிலிருந்தும் மறுபேச்சில்லாமல் ஒரு சாவியை உருவாக்கிவிடும். ஃபைல் பூட்டியதுபோலத் தெரியும், ஆனால் யார் எண்டர் தட்டினாலும் திறக்கும்!

பூட்டும்போது பெட்டி காலியாக இருக்கும்வரை ‘சரி’ பட்டனை மங்கலாகவே வையுங்கள். கீழே ‘பாஸ்வேர்ட் தேவை’ என்று ஒரு வரி போதும். பாப்-அப் வேண்டாம்; ஜூலைக் கடைசி ரிட்டர்ன் நெருக்கடியில் அதை யார் படிக்கப்போகிறார்கள்? தேர்ந்தெடுத்த ஃபைல் பட்டியலும் அழியக்கூடாது.

அப்புறம், ‘ரத்து’ அழுத்துவது வேறு, காலியாக விடுவது வேறு. திரையில் பெட்டி, பட்டன்களை அமைக்க உதவும் பல டூல்கிட்களில் ரத்து செய்தால் ‘நல்’ (null, அதாவது மதிப்பே இல்லை) வரும். அதைச் சோதிக்காமல் பாஸ்வேர்டின் நீளத்தைப் பார்க்கப் போனால் கிராஷ்தான். உங்கள் மென்பொருள் காலிப் பெட்டியையும் ‘நல்’ ஆக எடுத்துக்கொண்டால், உங்கள் சிக்கலும் அங்கே இருக்கலாம்.

பாஸ்வேர்டின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை வெட்டாதீர்கள், அவையும் அதன் பகுதியாக இருக்கலாம். வெராகிரிப்ட் என்ற என்க்ரிப்ஷன் மென்பொருளில் உள்ளதுபோல, ஒரு ஃபைலையே சாவியாகக் கொடுக்கும் கீஃபைல் வசதி இருந்தால், கீஃபைல் கொடுத்தவருக்கு மட்டும் காலிப் பெட்டியை அனுமதிக்கலாம்.