கட்டிலுக்கு அடியில் போன குட்டியை இழுக்காதீர்கள்

வாசகர் கேள்விகள்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பதில் சொல்கிறார்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பூனைக்குட்டிகளைப் பற்றியவை. ஏற்காட்டிலும் சேலத்திலும் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்த காலத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே துணிப்பையில் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் கேட்டதும் இதே கேள்விகளைத்தான். அதனால் இம்முறை முழுப் பகுதியையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன்.

ஏற்காட்டில் எஸ்டேட்டில் இருக்கும் அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு குட்டிகள் கொண்டுவந்தோம். இரண்டரை மாதக் குட்டிகள். வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கின்றன. பகலில் சாப்பிடுவதில்லை, ராத்திரி முழுக்கக் கத்துகின்றன. பிள்ளைகள் துடைப்பத்தை விட்டு வெளியே தள்ளப் பார்க்கிறார்கள். வீட்டில் தறி ஓடுகிறது. மாமியார், "கதவைத் திறந்து விடு, தானா பழகிக்கும்" என்கிறார். என்ன செய்வது டாக்டர்?
வாசகி, அம்மாப்பேட்டை

முதலில் அந்தத் துடைப்பத்தைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கி வையுங்கள் அம்மா. நீங்கள் செய்ததில் இரண்டு காரியங்கள் மிகச் சரி. எட்டு வாரம் கடந்த பிறகே தாயிடமிருந்து பிரித்திருக்கிறீர்கள். ஒன்றைத் தனியாகக் கொண்டுவராமல் கூடப் பிறந்ததையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அந்தக் குட்டிகள் எங்கிருந்து எங்கே வந்திருக்கின்றன என்று பாருங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், குளிரில், தாயின் வாசனையில் கிடந்தவை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்கி, அம்மாப்பேட்டை வெயிலுக்கும் தறிச் சத்தத்துக்கும் நடுவே வந்து விழுந்திருக்கின்றன. ஒளிந்துகொள்வது மட்டும்தான் அவற்றுக்குத் தெரிந்த பாதுகாப்பு. அங்கிருந்தும் இழுத்தால், இந்த வீட்டில் ஒளிய இடமில்லை என்றுதான் அவை கற்றுக்கொள்ளும்.

வீடு முழுவதையும் ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். ஒரு சின்ன இடம் கொடுங்கள். தனி அறை இல்லாவிட்டால் பரவாயில்லை, தறியிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு மூலையைப் பழைய புடவை கட்டி மறைத்தாலும் போதும். ஓர் அட்டைப்பெட்டியில் பக்கவாட்டில் வாசல் வெட்டி, கவிழ்த்து வையுங்கள். தாய்ப்பூனை படுத்திருந்த துணி ஏதாவது இருந்தால் துவைக்காமல் கொடுத்தனுப்பச் சொல்லி, அதைப் பெட்டிக்குள் விரியுங்கள். சாப்பாடும் தண்ணீரும் ஒரு பக்கம், வெளிக்குப் போவதற்கு மண் நிரப்பிய தட்டு எதிர்ப்பக்கம். சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் பூனை வெளிக்குப் போகாது. தட்டின் விளிம்பு குட்டி காலெடுத்து வைக்கும் உயரத்தில் இருக்கட்டும்.

அப்புறம் நீங்கள் செய்ய வேண்டியது, அந்த மூலையில் தரையில் உட்கார்வது மட்டுமே. கீரை ஆயுங்கள், பேப்பர் படியுங்கள். குட்டியை உற்றுப் பார்க்காதீர்கள். கண்ணோடு கண் பட்டால் மெதுவாக இமைகளை மூடித் திறங்கள். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைப் பிய்த்து உங்கள் முழங்காலுக்கு அருகில் வையுங்கள். வந்து தின்றால் தின்னட்டும், உடனே தூக்கிவிடாதீர்கள். மூக்கு மட்டத்தில் விரலை நீட்டினால் அது வந்து மோந்து, கன்னத்தை உரசும். அன்றைக்குத் தொடலாம். சில குட்டி இரண்டே நாளில் வரும், சில இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள்: பெரியவன் அந்த மூலையில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிக்கட்டும், குட்டிகளுக்கு அவன் குரல் பழகும். சின்னவள் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றட்டும். தூக்குவது மட்டும் கூடாது, குட்டி தானாக மடிக்கு வரும்வரை.

பகலில் சாப்பிடாமல் ராத்திரியில் கிண்ணம் காலியானால் கவலை வேண்டாம். இரவு பகல் முழுக்க எதுவுமே உள்ளே போகவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். இந்த வயதுக் குட்டி பட்டினி தாங்காது, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. பழக்கம் தானாகத்தான் வரும். ஆனால் இப்போது கதவைத் திறந்தால் குட்டி வெளியே ஓடும், திரும்பி வர வழி தெரியாது, தெருநாய்களும் இருக்கின்றன. அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

தறி இருக்கும் வீடு என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் பின்னோக்கி வளைந்தவை. நூலைக் கடித்தால் துப்ப வராது, உள்ளே மட்டுமே போகும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குப் போனால், சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தது போல் குடல் சுருங்கி, நூல் அறுத்த இடத்தில் ஓட்டை விழும். பட்டு நூலானாலும் ஜரிகையானாலும் இதே ஆபத்துதான். நூல் சுற்றிய தார்க்குச்சிகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், வேலை முடிந்ததும் தறிக்குழியைப் பலகையால் மூடுங்கள், கழிவு நூலைத் தரையில் விடாதீர்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் ஒருபோதும் இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நாங்கள் சைவம். குட்டிக்குப் பாலும் தயிர்சாதமும் போதாதா?
வாசகர், செவ்வாய்ப்பேட்டை

போதாது ஐயா. பூனை உடலமைப்பிலேயே மாமிச உண்ணி. டாரின் என்ற சத்தை அதன் உடல் தேவையான அளவுக்குத் தயாரித்துக்கொள்ளாது. மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் நாளாவட்டத்தில் கண்பார்வை போகும், இதயத் தசை பலவீனமாகும். பசும்பால் பல பூனைகளுக்குச் செரிக்காது. பேதியாகிக் குட்டி வாடிப்போவதற்குப் பல வீடுகளில் பால் கிண்ணம்தான் காரணம். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். சமையலறையில் கறி சமைக்க வேண்டியதில்லை. குட்டிகளுக்கென்று கடையில் விற்கும் உலர் உணவிலும் பாக்கெட் உணவிலும் டாரின் சேர்த்திருப்பார்கள். அதற்கென்று தனிக் கிண்ணம், தனிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாய் இருந்தாலும் நாய் உணவைக் கொடுக்காதீர்கள். அதற்கும் சம்மதமில்லை என்றால் குட்டி வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

போன தை மாதம் எங்கள் குட்டி வாந்தியும் பேதியுமாகி இரண்டே நாளில் இறந்துவிட்டது. வீடு முழுக்க ஃபினாயில் போட்டுக் கழுவினோம். இப்போது வேறு குட்டிகள் கொண்டுவரலாமா?
வாசகி, சூரமங்கலம்

படிக்கவே வருத்தமாக இருந்தது அம்மா. பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பூனைகளுக்கு வரும் பான்லியுகோபீனியா என்ற வைரஸ் நோய்க்குப் பொருந்துகிறது. அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டும் வீட்டுக்குள் வரும். ஃபினாயில் வாசனையை நம்பி இருக்காதீர்கள். அதிலிருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே எச்சில் வடியும், நடை தள்ளாடும். டெட்டாலும் அப்படித்தான், காயத்தில்கூடப் போடாதீர்கள்.

பழைய படுக்கை, மண் தட்டு, கிண்ணம் எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ப்ளீச் திரவம் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவிடுங்கள். ப்ளீச்சோடு ஆசிட்டையோ வேறு எதையுமோ கலக்கக் கூடாது, விஷவாயு கிளம்பும். புதுக் குட்டிகள் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும் மூன்று, நான்கு வாரம் கழித்து இரண்டாவதும் போட்டவையாக இருக்கட்டும். இரண்டாவது ஊசிக்கு ஒரு வாரம் கழித்துக் கொண்டுவாருங்கள். பதினாறு வாரம் ஆகும்வரை தொடர வேண்டிய ஊசிகளையும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியையும் விட்டுவிடாதீர்கள்.

மகள் தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். குட்டிகளை எங்காவது விட்டுவிடச் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.
வாசகி, அஸ்தம்பட்டி

விட வேண்டாம். அவர்கள் பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா கிருமிக்கு. அது கருவைப் பாதிக்கக்கூடியது என்பது உண்மை. அது பூனையின் முடியிலோ மூச்சிலோ வராது, மலத்தில் வரும். பெரும்பாலும் பூனைக்கு முதல்முறை தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை வெளியேறும். வெளியேறிய உடனே அது தொற்றாது, ஒரு நாளாவது ஆகும். ஆகவே மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் பெரும்பகுதி ஆபத்து விலகிவிடும். அந்த வேலையை நீங்களோ மருமகனோ செய்யுங்கள், மகள் தொட வேண்டாம். குட்டிகளுக்குப் பச்சைக் கறி கொடுக்காதீர்கள், எலி பிடிக்க வெளியே விடாதீர்கள். பலருக்கு இந்தக் கிருமி வருவதே வேகாத கறியிலிருந்தும், கழுவாத கீரையிலிருந்தும், தோட்டத்து மண்ணிலிருந்தும்தான். பூந்தொட்டியைக் கிளறினால் மகள் கையுறை போட்டுக்கொள்ளட்டும். வீட்டில் குட்டிகள் இருப்பதை அவளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை எழுதுவார். குட்டிகள் மகளின் மடியில் படுத்தால் படுக்கட்டும். மடிக்குத் துணை தேடும் மாதங்கள் அவை.

எங்கள் பெரிய பூனைக்கு ஆறு வயது. புதுக் குட்டியைப் பார்த்தாலே சீறுகிறது.
வாசகர், கொண்டலாம்பட்டி

நேருக்கு நேர் காட்டியதை இன்றோடு நிறுத்துங்கள். குட்டி ஒரு அறையில், கதவு சாத்தியபடி. ஒரு துணியால் குட்டியின் கன்னத்தைத் தடவிப் பெரியதன் படுக்கையருகே போடுங்கள், பெரியதன் துணியைக் குட்டியிடம் போடுங்கள். கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். சீறாமல் தின்னும் நாளில் ஒரு சாண் திறந்து வையுங்கள். மண் தட்டு பூனைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒன்று, அதாவது மூன்று. பெரியதை முதலில் கொஞ்சுங்கள், முதலில் அதற்குச் சாப்பாடு போடுங்கள். வீடு அதனுடையது.

நான் ஏழாவது படிக்கிறேன். குட்டி என் போர்வைக்குள் தூங்கலாமா? அம்மா கூடாது என்கிறார். குளிரில் அது அப்பாவின் ஜீப்புக்குக் கீழே போய்ப் படுக்கிறது.
வாசகி, ஏற்காடு

தூங்கலாம் கண்ணு, ஆனால் டாக்டரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுத்து, உண்ணி இல்லை என்று பார்த்த பிறகு. அம்மா சொல்வது அதற்காகத்தான். அதுவரை ஒரு பெட்டியைச் சிமென்ட் தரையில் வைக்காமல் பலகைமேல் வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி உள்ளே ஒரு பக்கம் வை. சூடு அதிகமானால் விலகிப் படுக்கக் குட்டிக்கு இடம் வேண்டும். ஸ்வெட்டர் பெட்டியில் போடும் அந்துருண்டை பூனைக்கு விஷம். அந்தக் கம்பளியை விரிக்காதே. ஜீப்பை நிறுத்தியதும் இன்ஜின் சூட்டுக்குக் குட்டி உள்ளேயே ஏறிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அடியிலும் குனிந்து பார்க்கச் சொல் அப்பாவிடம்.

விளையாட்டில் குட்டி கீறிவிட்டால் ஊசி போட வேண்டுமா? கருத்தடை எப்போது?
வாசகர், குகை

ரத்தம் வந்தால், வீட்டுக் குட்டியானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். கையை விளையாட்டுப் பொருளாக்காமல் பந்தை உருட்டினால் கீறலும் குறையும். பெட்டைக் குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், சினையானால் அடுத்த இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும். ஐந்தாவது மாதம் முடிவதற்குள் கருத்தடை செய்துவிடுங்கள். கடுவனுக்கும் அதே வயதுதான், வீட்டுச் சுவரில் சிறுநீர் பீய்ச்சத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.