தைத்த தசைநாண் நகரவில்லை: செயற்கை நாண் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான்கு மாதங்களுக்கு முன் மெஷின் கத்தி பட்டு இடது கை மோதிர விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம் ஆழமாக வெட்டிவிட்டது. இரண்டு நரம்புகள் அறுந்துவிட்டன என்று மறுநாளே தைத்தார்கள். இப்போது அவனாக மடக்கினால் விரல் பாதிதான் வருகிறது. மற்றொரு கையால் அழுத்தினால் முழுவதும் மடங்குகிறது. இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். ஆய்வகத்தில் செய்த தசைநாண், ஒட்டாமல் தடுக்கும் ஜெல் என்றெல்லாம் படிக்கிறோம். அவை வரும்வரை காத்திருப்பது நல்லதா?

பதில்: காத்திருக்க வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தோலுக்கடியில் வெள்ளையாக நீளமாக எது தெரிந்தாலும் நம் ஊரில் அது நரம்புதான். உங்கள் தம்பிக்கு அறுந்தது தசைநாண். நரம்பு உணர்ச்சியைக் கடத்தும். தசைநாண் முன்கைத் தசையின் இழுப்பை விரலுக்குக் கொண்டுவரும். அந்த விரல் நுனியில் ஒரு பக்கம் மரத்துப் போயிருந்தால் உண்மையான நரம்பும் வெட்டுப்பட்டிருக்கலாம். அதை டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

வெட்டுப்பட்ட இடம்தான் வினை. கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு நாண்கள் உண்டு. மேலே ஓடும் நாண் விரலின் அடிப்பகுதியில் கவட்டைபோல் இரண்டாகப் பிரிகிறது. ஆழத்தில் ஓடும் நாண் அந்தக் கவட்டைக்குள் நுழைந்து விரல் நுனிவரை போகிறது. இரண்டும் ஓடுவது ஒரே குறுகிய சுரங்கத்தில். தூண்டில் நூலைத் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் வளையங்களைப் போல, அந்தச் சுரங்கத்தில் வளையங்கள் இருக்கின்றன. அவை போய்விட்டால், பெயருக்கேற்றபடி, நாண் வில்லின் நாண்போலப் புடைத்துக்கொண்டு நிற்கும். கை அறுவை சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் இந்தப் பகுதிக்கு வைத்த பெயர், போர்க்களத்தில் இரு படைகளுக்கும் நடுவே கிடக்கும் ஆளற்ற நிலத்தின் பெயர். இங்கே உடனே தைக்காதீர்கள், தோலை மட்டும் மூடிவிட்டுப் பிறகு வேறு நாண் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் காலத்து அறிவுரை. 1960களில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹெரால்டு கிளைனெர்ட் குழுவினர் உடனே தைத்து, சில நாட்களிலேயே விரலை அசைக்கவைத்து, அந்த அறிவுரையை மாற்றினார்கள்.

அவ்வளவு சீக்கிரம் அசைக்கவைப்பதற்குக் காரணம் உண்டு. நாணின் இரண்டு முனைகளையும் ஒட்டவைக்கும் அதே தழும்புத் திசு, நாணைச் சுரங்கச் சுவரோடும் ஒட்டிவிடுகிறது. இது வேண்டும், அது வேண்டாம் என்று உடம்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆரம்ப வாரங்களில் நாண் 3 முதல் 5 மில்லிமீட்டர் நகர்ந்தாலே அந்த ஒட்டுதல் பெருமளவு தளர்ந்துவிடும். ஆனால் இழுப்பு மிஞ்சினால் தையல் விட்டுவிடும். விரலை லேசாக மடக்கும்போதே நாணில் 3.5 கிலோ வரை இழுவிசை விழுகிறது. நுனியால் அழுத்திக் கிள்ளும்போது 10 கிலோவைத் தாண்டும். கைப்பயிற்சி சொல்லித்தரும் தெரபிஸ்ட் நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வரப்பின்மேல்.

உங்கள் தம்பியின் விரலைப் பிறர் மடக்கினால் முழுவதும் மடங்குகிறது என்பது நல்ல செய்தி, மூட்டுகள் விறைக்கவில்லை. நாண் இழுக்கவில்லை, அவ்வளவுதான். அது ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது தையல் விட்டிருக்கலாம். விரலின் நடுக்கணுவை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனிக்கணுவை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். கொஞ்சமாவது அசைந்தால் ஆழத்து நாண் தொடர்ச்சியாக இருக்கிறது என்று நம்ப இடமுண்டு. துளியும் அசையாவிட்டால் விரலை அசைத்தபடியே அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் படித்த புதுப் பொருள்கள். உங்கள் ஊர்த் தொழிலை வைத்தே சொல்கிறேன். பனியன் துணி இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. வளையம் வளையமாகப் பின்னியதால் வந்த குணம் அது. தசைநாணுக்கு அது ஆகாது. அதில் கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள் பாவு நூல்போல ஒரே திசையில் ஓடுகின்றன, மெல்லிய அலைநெளிவோடு. முதல் 2 சதவீத நீட்சியில் அந்த நெளிவு நேராகும்; பிறகு நாண் விறைத்து நிற்கும். 4 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளிழைகள் கிழியத் தொடங்கும். அதனால் ஆய்வாளர்கள் நூலைத் திரித்தும் சடைபோல் பின்னியும் பார்க்கிறார்கள். பாலிகேப்ரோலாக்டோன், பாலிலாக்டிக் அமிலம் போன்ற, உடம்பில் மெல்லக் கரையும் பொருள்களை மின்புலத்தில் இழுத்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாக நூற்கிறார்கள். இழைகள் ஒரே திசையில் இருந்தால் அவற்றின்மேல் விட்ட செல்களும் அதே திசையில் நீண்டு படுத்துக்கொள்கின்றன. இதை மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நாற்று நட்ட வயல் நினைவுக்கு வந்தது.

ஆனால் விரலுக்குள் இரண்டு எதிரெதிர் குணங்கள் ஒன்றாக வேண்டும். செல்கள் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பு வேண்டும். சுரங்கத்தில் ஓட வழுவழுப்பு வேண்டும். இதற்காக உள்ளே ஒருவிதம், வெளியே ஹயலுரோனிக் அமிலம் கலந்த வழுக்கும் பூச்சு என்று இரண்டடுக்கு உறைகள் செய்து, முயலிலும் கோழிக்காலிலும் சோதிக்கிறார்கள். (கோழியின் கால்விரல் நாண் அமைப்பு நம் விரலை அவ்வளவு ஒத்திருக்கிறது.) கோழிக்காலில் வெற்றி பெற்றது கட்டிங் மெஷின் பிடிக்கும் கையில் வெற்றி பெறுமா என்பது வேறு கேள்வி. 1980களில் முழங்கால் இணைப்பு நாருக்குப் பதிலாகக் கார்பன் இழை, பாலியெஸ்டர் என்று வைத்துப் பார்த்தார்கள். வலுவில் குறையில்லை. நாளடைவில் தேய்ந்து, உதிர்ந்த துகள்களால் மூட்டு வீங்கியது. இந்தப் பழைய பாடத்தால்தான் விரல் விஷயத்தில் நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி.

கொலாஜனைப் பற்றி நமக்குத் தெரியாமலில்லை. மூன்று புரி முறுக்கிய கயிறாக அதன் மூலக்கூறு இருக்கிறது என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதியவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் எக்ஸ் கதிரில் ஆராய்ந்தது கங்காருவின் வால் தசைநாணை. கயிறு எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்து எழுபது ஆண்டுகளாகியும், அதே கயிற்றை நம்மால் இன்னும் திரிக்க முடியவில்லை.

இன்று விரலுக்குள் உண்மையாகப் பயன்படுபவற்றில் நான் மிகவும் மதிப்பது சிலிக்கோன் கம்பி. 1971இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹண்டர் பரப்பிய முறை இது. சுரங்கம் முழுவதும் தழும்பாகிவிட்டால், உள்ளே வழுவழுப்பான சிலிக்கோன் கம்பியை வைத்து மூடிவிடுவோம். உடம்பு அதைச் சுற்றி மெல்லிய, வழுக்கும் உறையைக் கட்டிக்கொள்ளும். சுமார் மூன்று மாதம் கழித்துக் கம்பியை உருவிவிட்டு, அதே பாதையில் நோயாளியின் சொந்த நாண் ஒன்றைக் கோத்துவிடுவோம். உயிருள்ள திசுவைச் செய்ய முயலாமல், அதை உடம்பே செய்துகொள்ள இடம் பிடித்துக் கொடுக்கிறது. அடக்கமான யோசனை, அதனால்தான் நிலைத்தது.

ஒட்டாமல் தடுக்கும் ஜெல்லில் பெரும்பாலும் இருப்பது ஹயலுரோனிக் அமிலம்; மூட்டுத் திரவத்தில் இயற்கையாக உள்ள பொருள்தான். புதிதாக அறுந்த நாணில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒட்டுதலைத் தடுப்பது எதுவானாலும் முனைகள் கூடுவதையும் தடுக்கக்கூடும். உங்கள் தம்பியின் நாண் ஏற்கெனவே கூடியிருந்தால் அந்தப் பயம் குறைவு. டாக்டர் தடவினால் தடவட்டும். அதற்காகப் பயிற்சியில் ஒரு நாளைக்கூடக் குறைக்காதீர்கள். இறந்தவர் தந்த நாணிலிருந்து செல்களைக் கழுவி எடுத்துவிட்டு, வெறும் கொலாஜன் சட்டகத்தைப் பொருத்தும் முயற்சியும் நடக்கிறது. விரலுக்கு அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ‘ஸ்டெம் செல் வைத்து நாண் வளர்க்கிறோம்’ என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நம் நாட்டில் அது அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

உங்கள் டாக்டர் சொல்லும் ஆபரேஷன், ஒட்டுதலைப் பிரிப்பதாக இருக்கும். தைத்து மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பயிற்சியால் இனி முன்னேற்றமில்லை என்று தெரிந்த பிறகு, தோல் மிருதுவாகவும் மூட்டுகள் தளர்வாகவும் இருக்கும்போது செய்வது. தம்பி இப்போது அந்தக் காலத்தில் இருக்கிறார். நான் இதைப் பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறேன். நல்ல நாண் முத்துப்போல வெண்மையாகப் பளபளக்கும். ஒட்டிய இடம் மங்கிப்போய், ஈரச் சாக்குபோல இருக்கும். வளையங்களைக் காப்பாற்றிக்கொண்டு கொஞ்சம் பிரிப்பேன். “மடக்குங்கள்” என்பேன். விரல் ஒரு அங்குலம் வரும், நிற்கும். இன்னும் கொஞ்சம் பிரிப்பேன். மாதக்கணக்கில் வராத விரல் உள்ளங்கையைத் தொடும்போது, திரைக்கு அந்தப் பக்கமிருந்து “டாக்டர், தொட்டுவிட்டதா?” என்று குரல் வரும். மறுநாளே வலியோடு பயிற்சி தொடங்க வேண்டும். அதற்கு மனம் தயாராக இல்லாவிட்டால் இந்த ஆபரேஷன் வீண்.

போகும்போது முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுபோங்கள். எந்த நாண், எந்த வளையம் என்று அதில் இருக்கும். இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் வேலையில் நேர்ந்த காயத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை உண்டு. பிரித்துப் பார்த்து நாண் நைந்திருந்தால் அதே மேசையில் சிலிக்கோன் கம்பி வைக்கலாமா என்று சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த நிலை வந்தால் பிறகு கோக்க ஒரு நாண் வேண்டும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துவைத்து மணிக்கட்டை உள்பக்கம் லேசாக மடக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு கயிறு எழுந்து நிற்கிறதா பாருங்கள். எடுத்தால் கைக்குக் குறை தெரியாத நாண் அது. சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அப்படியானால் காலிலிருந்து எடுப்போம்.